ஆத்தா கொடுத்த செவ்வரளி

போன ஆனி மாதக் கடைசியில் என் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். உப்பில்லாமல் சாப்பிட்டேன். மஞ்சள் இறங்கவில்லை, நான்தான் இளைத்துப் போனேன். பல்லடத்தில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், "கணையத்துல கட்டி மாதிரி தெரியுதுங்க. உடனே கோயமுத்தூர் போய் பெரிய டெஸ்ட்டெல்லாம் எடுத்துருங்க" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து, தறி ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வேறு யாருக்கோ சொன்னதுபோல இருந்தது.

எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டுவதானாலும் கல்யாணம் பேசுவதானாலும் குலதெய்வத்திடம் பூக்கேட்காமல் நடக்காது. "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போலாம் அம்மணி" என்றார் மாமியார். கோயிலில் பூசாரி ஆத்தா முன்னால் ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் வைத்தார். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. கேட்பதை மனதுக்குள்தான் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் கேட்டார். நான் பக்கத்தில் நின்று, 'ஆத்தா, எனக்கு என்னன்னு காலத்தோட காட்டீரு' என்று வேண்டினேன். குணமாக்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சிவப்பு வந்தது.

"ஆத்தா வேண்டாம்னுட்டா. டெஸ்ட்டெல்லாம் ஆடி கழிஞ்சு பாத்துக்கலாம்" என்று மாமியார் கிளம்பிவிட்டார். நானும் மரக்கட்டை மாதிரி பின்னால் நடந்தேன். வீட்டுக்காரர் மட்டும் நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, என்ன நெனச்சுக் கேட்டீங்க?" என்றார் பூசாரி.

"பயமா இருந்துச்சுங்க. ஆடி கழியட்டும், டெஸ்ட்டைத் தள்ளிப் போடட்டுமான்னுதானுங்க கேட்டேன்."

மாமியார் சட்டென்று திரும்பினார். "அப்பறம் என்னத்துக்குடா நிக்கிறே? காரை எடு!"

மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு வாய்வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். ஆனால் பரவியிருக்கவில்லை. "தள்ளிப் போட்டிருந்தா ஆபரேஷன் பண்ண முடியாமயே போயிருக்கலாமுங்க" என்றார் டாக்டர். அதைக் கேட்டும் சும்மா தலையாட்டினேன்.

ஆபரேஷனும் மருந்தும் முடிந்து கோயிலுக்குப் போன அன்றைக்குத்தான் அழுகை வந்தது. நிறுத்தவே முடியவில்லை. ஆத்தா என்னைக் கைவிடவில்லை. இன்றைக்கும் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் ஒரு செவ்வரளி என் பையில் இருக்கும்.

நீங்களும் அவளை நம்புங்கள். எது வேண்டுமானாலும் கேளுங்கள். டெஸ்ட்டைத் தள்ளிப் போடட்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவள் என்னிடம் பதில் சொல்லியாகிவிட்டது.