இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி

மே மாதம் பத்து நாள் எங்கள் ஊர் மைதானத்தில் பாஸ்கெட்பால் டோர்னமென்ட் நடக்கும். ஹைஸ்கூல், பி.யூ. என்கிற ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கானது. கோலார், பங்காருபேட்டை, முல்பாகல் என்று சுற்றுப்பட்டில் இருந்து டீம்கள் வரும். நாலு வருஷம் அதில் நான் டைம் கீப்பர். டேபிளில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டுவேன், விசில் ஊதினால் நிறுத்துவேன், நேரம் முடிந்தால் ஹூட்டர் அடிப்பேன். அதற்குப் படிப்பு தேவையில்லை. நான் எட்டாவது வரைதான்.

மகளால் வந்த வேலை அது. அவள் ஆறாவதில் ஆட ஆரம்பித்தாள். நான் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓரமாக நிற்பேன். ஒரு வருஷம் டைம் பார்க்கிற ஆள் வரவில்லை. ஸ்கோர் எழுதுகிறவர் ரிட்டையர் ஆன தபால்காரர். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டெய்லி வந்து நிக்கிறியே தம்பி. இங்க உக்காந்துகினாவது நில்லு."

உட்கார்ந்தேன்.

எனக்கு வேலை பெங்களூரில், ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி. கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏற வேண்டும். டோர்னமென்ட் நடக்கும் பத்து நாள் மட்டும் லீவு வாங்கிவிடுவேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர்த் தங்க மைன்ஸில் இருந்தேன், மூடும் வரை. ஷாஃப்ட்டில், அதாவது சுரங்கத்துக்கு இறங்கும் குழியில், பெல் அடிப்பேன். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்குக் கேஜ் என்று பேர். கடைசி ஆளின் கால் கேஜுக்குள் வந்தபிறகுதான் பெல் அடிக்க வேண்டும். மேலே இன்ஜின் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. பெல்லைக் கேட்டு இழுப்பார்.

டோர்னமென்ட்டின் கடைசி நாள் ஃபைனல் முடிந்ததும் இன்னொரு ஆட்டம் உண்டு. எல்லா டீமிலும் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி இரண்டாகப் பிரிப்பார்கள். ஆல் ஸ்டார் என்பார்கள். அதற்குக் கோப்பை கிடையாது. ஆனால் பெங்களூரில் இருந்து காலேஜ் கோச் வருவது அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான். பத்தாவது முடித்த பிள்ளைகளில் அவருக்குப் பிடித்தவருக்குப் பி.யூ. சீட் கிடைக்கும். ஹாஸ்டல், சாப்பாடு, தினம் இரண்டு வேளை கோச்சிங். அங்கிருந்துதான் ஸ்டேட் டீமுக்குப் போக முடியும். எங்கள் ஊரில் ஆடிக்கொண்டே இருந்தால் எங்கள் ஊரில்தான் ஆடிக்கொண்டிருக்கலாம்.

போன வருஷம் மகள் பத்தாவது முடித்தாள். ஆல் ஸ்டாரில் அவள் பேர் வந்தது.

கோச் ஆட்டத்தன்று மத்தியானமே வந்துவிட்டார். ஒரு இடம்தான் இருக்கிறது, இரண்டு பேரைக் குறித்து வைத்திருக்கிறேன், ஆட்டம் பார்த்துச் சொல்கிறேன் என்று பி.டி. டீச்சரிடம் சொன்னாராம். ஒன்று என் மகள். இன்னொன்று கோலார்ப் பெண். என் மகளைவிட ஒரு தலை உயரம்.

வீட்டில் ஷூ லேசு கட்டிக்கொண்டே மகள் கேட்டாள்.

"நீ இன்னிக்கும் டேபிள்ல தானப்பா?"

"ஆமா."

"என்னைப் பாக்காத. நீ பாத்தா எனுக்குத் தெரிஞ்சிடும்."

"நான் இன்னாத்துக்கு உன்னைப் பாக்கறேன். வேலை கீது."

என் மனைவி கார்மெண்ட்ஸில் அரை நாள் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். மைதானத்துப் படிக்கட்டில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்தாள். நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். தபால்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கீற?"

"பாக்க வந்தவரு அங்க கீறாரு" என்றேன். கோச் எதிர்ப்பக்கம் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு.

மகள் சிவப்பு பனியன். கோலார்ப் பெண் நீலம். ஆட்டம் ஆரம்பித்தது.

மூன்று குவார்ட்டர் நான் சொன்னபடிதான் இருந்தேன். ரெஃப்ரியின் கையும் கடிகாரமும்தான் பார்த்தேன். மகளின் கால் ஓடுவது ஓரக்கண்ணில் தெரியும். அவள் பாஸ்கெட் போட்டால் தபால்காரர் மெதுவாக "ரெண்டு" என்று சொல்லி எழுதுவார். நிறைய தடவை சொன்னார். கோலார்ப் பெண்ணுக்கும் நிறைய எழுதினார்.

நாலாவது குவார்ட்டரில் கரெண்ட் போயிற்று. வெளிச்சத்துக்குக் குறைவில்லை, சாயங்காலம் ஐந்தரைதான். ஆனால் நேரம் காட்டும் போர்டு அணைந்துவிட்டது. ஹூட்டரும் இல்லை. ஜெனரேட்டர் சாமியானாக்காரர் கொண்டுவந்தது, அது இழுத்து இழுத்துப் பார்த்தும் பிடிக்கவில்லை. போர்டு அணையும்போது இரண்டு நிமிடம் பதினோரு விநாடி பாக்கி. நானும் தபால்காரரும் அதைப் பார்த்திருந்தோம். ரெஃப்ரி இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒத்துக்கொண்டார்கள்.

"அண்ணா, ஸ்டாப் வாட்ச் வெச்சுக்கோ. ரெண்டு பதினொண்ணு ஆனா அடி" என்றார் ரெஃப்ரி. ரயில்வேயில் வேலை செய்யும் பிள்ளை. என்னிடம் மரியாதை உண்டு.

"எத்தை அடிக்கிறது?"

விசில் கூடாது. ரெஃப்ரி விசிலோடு கலந்துவிடும். தபால்காரர் பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போய் மணியைக் கழற்றி வந்தார். மணி என்றால் தண்டவாளத் துண்டு. டேபிள் குடையின் கம்பியில் கட்டினார். சுத்தியல் கொடுத்தார். இடது கையில் வாட்ச், வலது கையில் சுத்தியல். அடிக்கும்போதே இடது கட்டைவிரலால் வாட்சை நிறுத்த வேண்டும். எனக்கு அது பழக்கமான காரியம்.

ஆட்டம் ஓடியது. ஒரு ஃபவுல், ஒரு டைம் அவுட். நிறுத்தினேன், ஓட்டினேன். கடைசியில் நீலம் ஒரு பாயிண்ட் முன்னால். பத்து விநாடிக்கும் குறைவு. பந்து சிவப்புப் பக்கம்.

இரண்டு எட்டு. இரண்டு ஒன்பது. பந்து மகளிடம் வந்தது. கூட்டம் கத்தியதில் எனக்கு அது தெரிந்துவிட்டது. இரண்டு பத்து. கண் மேலே போயிற்று.

அவளுக்கு எதிரே கோலார்ப் பெண் கையைத் தூக்கி நின்றாள். மகள் பந்தை ஒரு தட்டுத் தட்டி, பின்னால் சாய்ந்து தூக்கினாள். பந்து இன்னும் விரலில் இருந்தது. என் சுத்தியல் காற்றில் நின்றது. பந்து விரலை விட்டுப் போயிற்று. அடித்தேன்.

பந்து ரிங்கில் படாமல் வலைக்குள் இறங்கியது.

ரெஃப்ரி கையை இறக்கினார். பாஸ்கெட் செல்லும் என்று அர்த்தம். மணி அடித்தபோது பந்து கையில் இல்லை. அவர் பார்த்தது சரி. சிவப்புப் பெண்கள் மகளைத் தூக்கிவிட்டார்கள். மனைவி படியில் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்ப்பக்கம் கோச் நோட்டில் ஏதோ எழுதினார்.

நான் இடது கையைத் திறந்து பார்த்தேன். இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி. கொஞ்சம் மேலே.

தபால்காரரும் பார்த்துவிட்டார். ஸ்கோர் ஷீட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"தம்பி. வாட்சைப் பாக்கெட்ல போடு."

நான் போடவில்லை.

"ஒரு செகண்டு. எவன் கண்டான். கொழந்தை மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். அம்மாவைத்தான் தேடியிருப்பாள்.

ரெஃப்ரி வந்தார். ஷீட்டில் கையெழுத்துப் போட்டால் ஆட்டம் முடிந்தது. பிறகு யாரும் மாற்ற முடியாது. பேனாவை எடுத்தார்.

"இரு" என்றேன். "மணி லேட்டு."

"இன்னாண்ணா?"

"டைம் முடிஞ்சப்போ பந்து கைல இருந்துச்சு. நான் லேட்டா அடிச்சேன்."

வாட்சை நீட்டினேன். பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, நான் குடுத்துட்டேன். யாரும் கேக்கல. அது உன் பொண்ணு. யோசிச்சுச் சொல்லு."

"சொல்லிட்டேன்."

பேனாவை மூடினார். பிறகு கோர்ட்டுக்குள் போய் இரண்டு கையையும் குறுக்கே வீசிக் காட்டினார். பாஸ்கெட் இல்லை. நீலம் ஒரு பாயிண்டில் ஜெயித்தது.

கூட்டம் எழுந்துவிட்டது.

"டேய், டேபிளை வெலைக்கு வாங்கிட்டானுங்கடா!" என்று படியில் இருந்து ஒரு ஆள் கத்தினார். "கோலாரான் கிட்ட இன்னா துன்ன?"

பக்கத்து வீட்டுப் பெண் திரும்பி அவரைப் பார்த்தாள். "வாயக் கழுவு. அது அவுரு பெத்த பொண்ணுதான்."

அந்த ஆள் உட்கார்ந்தார். அதற்குப்பிறகு யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மகள் டேபிள் பக்கம் வரவில்லை. எதிர் டீமுக்குக் கை கொடுத்துவிட்டு பெஞ்சில் போய் ஷூவைக் கழற்றினாள்.

பரிசு கொடுத்து முடித்ததும் கோச் கோலார்ப் பெண்ணின் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். தோளில் கை போட்டிருந்தார். அதிலேயே தெரிந்துவிட்டது. பிறகு என்னிடமும் வந்தார்.

"டேபிள்ல இருந்தது நீங்களா? அந்தப் பொண்ணோட ஃபாதரா?"

"ஆமா சார்."

"எனக்குத் தெரியாது." தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க பொண்ணு நல்லா ஆடுது. ஆனா இந்த வருஷம் எனக்கு ஹைட் பேக்கு, உயரம் வேணும். அவ்ளோதான். பேஜார் பண்ணிக்காதீங்க."

அது நிஜமா, எனக்காகச் சொன்னதா, தெரியாது. பாஸ்கெட் செல்லுபடியாகியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாரா, அதுவும் தெரியாது. கேட்கவில்லை.

வீட்டில் மனைவி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குய்யா சொன்ன?"

"லேட்டா அடிச்சேன். சொன்னேன்."

"அடிச்சவன் சும்மா இருக்கலாம் இல்ல? அவ நாலு வருசமா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓடினது உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் கை ஏன் லேட்டாச்சு?"

"ஷாஃப்ட்டு பழக்கம். ஆளு கால் உள்ள வர வரைக்கும் பெல் அடிக்க மாட்டோம். அது கைல கீது."

அவள் நம்பினாள். அது நம்பும்படியாகத்தான் இருந்தது. தபால்காரரிடமும் அதையே சொன்னேன். அவர் இன்னும் நாலு பேரிடம் சொன்னார்.

மகள் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சண்டையும் இல்லை. தட்டு எடுத்து வைப்பாள், போய்விடுவாள். மைதானத்துக்கும் போகவில்லை. பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா."

"ம்."

"வேற பொண்ணு போட்டிருந்தா, அப்பவும் லேட்டுன்னு சொல்லிருப்பியா? இல்ல என்னோடதுன்றதாலயா?"

செயினைச் சுற்றினேன். ஷாஃப்ட்டுப் பழக்கம் என்று சொல்ல வாய் வந்தது. இரண்டு பேர் நம்பிய பதில். அவளும் நம்புவாள்.

"வேற பொண்ணா இருந்தா கை நின்னே இருக்காது" என்றேன். "டைமுக்கு அடிச்சிருப்பேன். உன் கைல பந்து இருந்துச்சு. அதான் நின்னுச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் செயினைப் பார்த்தேன்.

"அப்ப பழக்கம்னு அம்மாகிட்ட சொன்னது?"

"சும்மா."

கோழி ஒன்று எண்ணெய்க் கிண்ணத்துக்கு வந்தது, விரட்டினாள்.

"எவ்ளோ லேட்டு?"

"ஒரு செகண்டு. கொஞ்சம் மேல."

"பந்து வந்ததும் ஒரு தட்டுத் தட்டினேன்" என்றாள். வெறும் கையால் தரையில் தட்டிக் காட்டினாள். "அது வேணாம். அப்படியே தூக்கி இருந்தா டைமுக்கு உள்ளதான்."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்ல. உள்ளதான்."

எழுந்து உள்ளே போனாள். கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது.

ஜூனில் எங்கள் ஊர் காலேஜிலேயே சேர்ந்தாள். ஆடுகிறாள். பெங்களூர் கோச்சுகள் பத்தாவது முடித்தவர்களைத்தான் பார்ப்பார்கள். அந்த வழி அவளுக்கு முடிந்தது. கோலார்ப் பெண் அங்கே நன்றாக ஆடுகிறாள் என்று சொன்னார்கள்.

இந்த மே மாதம் தபால்காரர் வீட்டுக்கு வந்தார். டேபிளுக்கு வா என்றார். நான் வரவில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன்.

"வேற ஆளா? இன்னா பேசற தம்பி? பெத்த பொண்ணுக்கே டைம் தள்ளிக் குடுக்காதவன் நீ. உன்னைவிட நம்பிக்கையான ஆளு இந்த ஊர்ல எங்க கீறான்? கோலார் டீம்காரனே உன்னைத்தான் கேக்கறான்."

மகள் உள்ளே இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். மகளின் ஆட்டத்தன்று படிக்கட்டில் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.