விழ மறுத்த அரங்கமும் சுலோச்சனா பாயும்

சுலோச்சனா பாய் மேடம் இறந்த செய்தி நம் பொறியாளர்களின் வாட்ஸப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. போட்டவர், அவரை வாடிப்பட்டிக்குத் தூக்கியடித்த அதே மேலதிகாரி. ‘நேர்மையின் மறுபெயர்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பினீர்கள். நானும் கூப்பினேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பாதி தெரியும். மீதியையும் கேளுங்கள்.

ஊர் நடுவில் இருந்த பொது அரங்கத்தை ஒரு கட்சி கட்டித் தன் தலைவர் பெயரை வைத்தது. அடுத்த கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதை இடிக்க முடிவு செய்தது. இடிக்கக் காரணம் வேண்டும். அதை எழுதித் தரும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. மேடம் உதவி செயற்பொறியாளர். நான் அவருக்குக் கீழே உதவிப் பொறியாளர். தூண்களில் துளைபோட்டு எடுத்த கான்கிரீட் துண்டுகளை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தோம். தேவைக்கு மேலேயே தாங்கின. “நம்ம வீடுக இப்படி இருந்தாப் போதும் மாரி” என்று மேடம் என்னிடம் சொன்னார்.

கட்டடம் ஆபத்தானது என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி. மேடம் நாற்காலியில் இருந்து எழாமலே பதில் சொன்னார்: “அடிக்கிற நாடியைப் பிடிச்சுக்கிட்டே, செத்துட்டாருன்னு எழுதச் சொல்றீங்க சார். வேற ஆளைப் பாருங்க.”

மறுவாரமே அவருக்கு மாற்றல் உத்தரவு. அந்த வேறு ஆள் நான்தான். எண்களைக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வாடிப்பட்டிக்குப் போக எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள் வேலை என்று சொல்லி வந்த ஒப்பந்தக்காரர் மூன்று வாரம் இடித்தார். ஒரு சனிக்கிழமை மேடம் பஸ் ஏறி வந்து பார்த்தார். நானும் அங்கே நின்றிருந்தேன். தூணைக் கொத்திக்கொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டி அதன் ஓட்டுநரிடம் கேட்டார்: “வலுவில்லாத கட்டடத்துக்கு எதுக்குய்யா இம்புட்டுப் பெரிய மெஷினு?”

“அதாம்மா எங்களுக்கும் புரியல. விழ மாட்டேங்குது” என்றார் அவர்.

மேடம் என் பக்கம் திரும்பி அவர்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். “தமிழ்ல சொன்னா உங்களுக்கு வலிக்கும்” என்றார்.

பிறகு ஆட்சி மாறியது. அரங்கம் திரும்ப வரவில்லை. அந்த இடத்தில் வணிக வளாகம் வந்துவிட்டது; இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அதில் கடைகள் இருக்கின்றன. அரங்கத்துக்கு அருங்காட்சியகத்தில் ஒரு நினைவுக் கண்காட்சி வைத்தார்கள். உடைந்த படிக்கட்டுக் கைப்பிடி, பெயர்ப்பலகையின் எழுத்துகள், அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்களின் புகைப்படங்கள். நடுவில் ஒரு விளக்கப் பலகை: ‘காலப்போக்கில் வலுவிழந்ததால் அகற்றப்பட்டது.’ எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்ட இரண்டு கட்சிகளும் இந்தப் பொய்யில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன.

பணி ஓய்வு பெற்றிருந்த மேடம், பழைய சோதனை அறிக்கையின் நகலோடு போய் அந்த வரியை மாற்றச் சொன்னார்.

“இது நினைவுகளுக்கான கண்காட்சி மேடம். அரசியல் வேண்டாமே” என்றார் பொறுப்பாளர்.

“எனக்கு ஞாபகம் இருக்கிறதைத்தானே சொல்றேன். அது நினைவு இல்லையா?”

பலகை மாறவில்லை. மேடம் ஞாயிறுதோறும் அதன் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடம் எல்லாம், “இது பொய்ங்க, டெஸ்ட் எடுத்தது நான்தான்” என்று சொன்னார். மூன்றாவது ஞாயிறு காவலாளி அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். மேடம் மூட்டுவலியோடு வாசல் கேட் அருகே உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார்.

“மாரி, மாத்தல் பண்ண கோவத்துல பேசுறேங்கிறாங்க. கையெழுத்துப் போட்ட நீங்க வந்து சொன்னா மறுக்க முடியாது. அடுத்த ஞாயிறு வாரீங்களா?”

“வாரேன் மேடம்” என்றேன்.

போகவில்லை. திருப்பரங்குன்றத்தில் இருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பொய் சொன்னேன். “நல்லது, அதைப் பாருங்க” என்றார். அதன்பின் அவர் என்னைக் கேட்கவே இல்லை. ஒரு மாதத்தில் மாரடைப்பு.

காரியம் முடிந்த மறுநாள் அருங்காட்சியகம் போனேன். பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில், நடந்ததை ஒரு பக்கம் எழுதி, பெயரும் பதவியும் போட்டேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது அந்தப் பக்கத்தைப் பிளேடு வைத்து நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். ‘அருமையான முயற்சி’ என்று யாரோ எழுதியிருந்த முந்தைய பக்கம் பத்திரமாக இருந்தது.

ஆகவே, இந்த ஞாயிறு முதல் அந்தப் பலகையருகே நான் நிற்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அவர் நின்ற அந்த இடம் ஒன்றுதான். காலம் கடந்து எடுத்துக்கொண்டேன் என்பது தெரியும். வருகிறவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் இரண்டே வரிகள் இருக்கின்றன.

கட்டடம் நன்றாக இருந்தது. கையெழுத்து என்னுடையது.