இருவருக்கும் பொதுவான கேரவன்

காஸ்த்ர் நகரில் முப்பது வருடம் பெண்களுக்கு முடி வெட்டியவள் மரீஸ் கசால். அவள் கடைக்கு மேல்மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அவள் கணவன் ரோலான் கூரைக்கு ஓடு வேய்பவன். ஓய்வு பெற்ற கையோடு இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள், முடியவில்லை.

வீட்டை விற்றார்கள். நாய் ரோலானோடு போனது. படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டியை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வசந்தத்தில் அவளுக்கு, இலையுதிர்காலத்தில் அவனுக்கு என்று கடைசியில் முடிவாயிற்று.

மூன்றாவது வசந்தத்தில் மரீஸ் ஈரப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தன் முறை முடிந்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய ரோலான் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"இந்த வருஷம் வீட்டுலயே கிட."

"உன் முறை வந்தப்ப நான் வாயத் திறந்தேனா?"

"சரி, நானே ஓட்டறேன். ஆனா வழி சொல்லக் கூடாது."

"கேட்டா சொல்றேன்."

"கேக்க மாட்டேன்."

"அது தெரியும். அதனாலதான் இத்தனை வருஷமா சுத்தி சுத்திப் போனோம்."

கிளம்பிவிட்டார்கள், நாய் நடுவில். இரவில் அவள் வண்டிக்குள், அவன் வெளியே சின்னக் கூடாரத்தில். பூஸீக்கில் காயல் ஓரமாக உட்கார்ந்து சிப்பி தின்றார்கள். அவளுக்கு வேண்டியதை அவன்தான் கத்தியால் திறந்து கொடுத்தான். யூஸெஸ் சந்தையில் ஆட்டுப்பால் சீஸ் வாங்கினார்கள். சண்டையில்லாமல்தான் போயிற்று.

யூஸெஸ் தாண்டி மலைப்பக்கம் ஒரு கிராமம். பெரிய வண்டிகள் வரக்கூடாது என்ற பலகையை மரீஸ் பார்த்தாள். அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. சந்து குறுகிக்கொண்டே போய், ஒரு வீட்டு பால்கனியின் இரும்புக்கம்பி கேரவன் கூரையில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பின்னால் ரொட்டி வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மைதானத்தில் இரும்புக்குண்டு எறிந்து விளையாடிக்கொண்டிருந்த கிழவர்கள் குண்டும் கையுமாக வந்து சூழ்ந்தார்கள்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டாரோ?" என்றார் ஒரு கிழவர்.

"வீட்டுக்காரர் இல்லைங்க. டிரைவர்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோலானின் காது சிவந்தது. அழுத்தி ஓட்டினால் வந்துவிடும் என்றான்.

"டயர்ல காத்த இறக்கு," என்றாள் மரீஸ்.

அவன் அசையவில்லை. அவளே மண்டியிட்டு, இடது கையால் ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினாள். வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தார்கள். கூரையில் இருந்த காற்றுத்திறப்பின் மூடி மட்டும் உடைந்தது.

அன்று சாயங்காலம் கேரவன்கள் தங்கும் முகாமில் அவன் கேட்டான்:

"அத்தனை பேர் முன்னாடி டிரைவர்னு சொல்லிட்டியே."

"வேற என்னன்னு சொல்லட்டும்?"

அவன் எழுந்துபோய் உடைந்த மூடியைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் கூரைமேல் ஏறி உடைந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்தான். அவள் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டி, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டான்.

"நீம் டவுன் வரைக்கும் பஸ் இருக்கு. அங்கேருந்து ரயில்ல போயிக்கறேன்."

"சாவி?"

"மேசைமேல வெச்சுட்டேன்."

கட்டுப் பிரிக்கும்வரை மரீஸ் அந்த முகாமிலேயே இருந்தாள். பக்கத்து வண்டிக்காரர்கள் சாப்பாட்டுத் தகர டப்பாக்களைத் திறந்து கொடுத்தார்கள். மற்றபடி யாரோடும் அதிகம் பேசவில்லை. தனியாக இருப்பது இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை தெரியாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். கை சரியானதும் கடலோரமாகக் கிழக்கே ஓட்டிப்போய், கோடை தொடங்கிய பிறகே திரும்பினாள்.

இலையுதிர்காலத்தில் ரோலான் சாவி கேட்டு வரவில்லை. சந்தையில் அவனைப் பார்த்தபோது ஏன் என்றேன்.

"ஓட்டறது எனக்கு எப்பவுமே பிடிக்கலங்க. ரிப்பேர் பாக்கத்தான் பிடிச்சிருந்தது போல."

இப்போதெல்லாம் குளிர்காலத்தில் ஒருநாள் வந்து கேரவன் கூரையைப் பார்த்துவிட்டு, மதியம் அவளோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறான். காப்பிக்கு உட்காருவதில்லை.