தண்ணீருக்கு மேலால் அடிக்கும் குழி

என் மச்சானின் தலையை நடுவில் வைத்துத்தான் அந்த ஆறாவது குழியை வரைந்தீர்கள். தெரியாது என்று சொல்லாதீர்கள். தெரிந்துகொள்ள நீங்கள் ஒருவரையும் கேட்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில், ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவன் நான். மைதானத்தை வடிவமைக்க நீங்கள் வந்தது மாரியில். வாவி முட்டி நின்றது. பந்தடிக்கும் மேட்டில் எங்களை நிறுத்தி விளக்கினீர்கள். குழியைக் காட்டும் கொடி அக்கரையில். துணிந்தவன் தண்ணீருக்கு மேலால் நேரே அடிக்கலாம், ஒரு தடவை குறைய அடித்தால் போதும். பயந்தவன் கரையால் சுற்றிப் போகலாம், ஆனால் அந்த வழியில் மணல் பள்ளம். கொடி தெரிந்து ஆசை காட்ட வேண்டும் என்று கரையில் நின்ற கண்டல் மரங்களையும் வெட்டச் சொன்னீர்கள். “பிழைச்சால் ஒரு பந்துதானே போகும்” என்று சிரித்தீர்கள்.

மாரியில் அங்கே ஆள் நிற்காது. கோடையில் கச்சான் காற்று தொடங்கினால் தண்ணீர் நெஞ்சளவுக்கு இறங்கும். றால் வரும். என் தங்கையின் புருஷன் வீச்சு வலையோடு இறங்குவான். அதே கச்சான் எதிரே வீசி, அக்கரைக்குப் போகவேண்டிய பந்தை அவன் நிற்கும் இடத்தில் போடும். பின்னேர வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும், அடிக்கிறவனுக்கு ஆள் தெரியாது. கத்தினாலும் எதிர்க்காற்றில் அவனுக்குக் கேட்காது.

போன வருடம் ஒரு பந்து அவன் புருவத்தைப் பிளந்தது. கண் தப்பியது. கரைக்கு இழுத்து வந்தேன்.

“வேற இடத்துல வலை எறியேலாதா மச்சான்?”

“றாலுக்குப் போய்ச் சொல்லு, இடம் மாறி வரட்டாம்” என்றான், இரத்தத்தைத் துடைத்தபடி.

ஓடி வந்த தங்கை சிரிக்கவில்லை. “நீ புல்லு வெட்டு, அவர் தலையக் குடுக்கட்டும். நல்ல குடும்பம்” என்றாள்.

முகாமையாளரிடம் போனேன். மேட்டை மாற்றவில்லை. தண்ணீரோரம் ஒரு பலகை நட்டார்கள்: இறங்குபவரே பொறுப்பு.

இந்தக் கிழமை கச்சான் திரும்பவும் தொடங்கிவிட்டது. இன்று பின்னேரம் அவன் நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். மேட்டில் இரண்டு பேர். புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். ஒருவர் எனக்குக் கை காட்டிவிட்டு அடித்தார். பந்து அவன் வலைக்குள் விழுந்தது.

நாளைக்கும் அவன் இறங்குவான். எங்கள் தோணித் துறைக்கு வாருங்கள். மீனவர்கள் எல்லாரும் நிற்கட்டும், என் தங்கையும் நிற்பாள். அந்த மேட்டை எப்போது மாற்றுவீர்கள்? மாற்றமாட்டேன் என்றால், அதை அவள் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்.