பின்னால் எரிந்த சிவப்பு

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தபோது என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. அதன் பின்பக்கம் ஒரே ஒரு சிறிய விளக்கு, வலது மூலையில்.

நானும் றொசல்லைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் காற்சட்டை போட்டு, தனி வீட்டுக்கு வந்த பிறகு, என்னைக் கண்டால் லயத்துச் சனம் பேச்சை நிறுத்திக்கொண்டது. துரைமாரின் கிளப்புக்குள் எனக்கு இடமில்லை. கல்யாணமும் ஆகவில்லை. ஞாயிறுதோறும் காரில் அட்டனுக்குப் போய்ப் பூசை கண்டு திரும்புவேன்.

அப்படித் திரும்பிய ஒரு பிற்பகல், தலவாக்கலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வளைவில் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. விறகு லொறியொன்று என் காரை லேசாக இடித்துவிட்டு, சற்றுப் பின்னுக்கு உருண்டு நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தான்.

"என்னங்க, லைட்டு போடாம ஓட்டுறீங்க?"

"போட்டுத்தானே இருக்கேன்."

"எங்க? இங்க வந்து பாருங்க."

அவனோடு பத்துக் காலடி பின்னால் நடந்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பீடி நுனி மாதிரி.

"இதுக்குப் பேரு லைட்டுங்களா?" என்றான். திட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் யாரும் அப்படிப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் புறப்படும்போது, பின்விளக்கு எரிகிறதா என்று தோட்டத்துக் காவல்காரரைக் கேட்பேன். "நல்லா எரியுதுங்கய்யா" என்பார். லொறி இடித்த மறுநாள் அவரை மறுபடி கேட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. எப்பவும் இப்படி மங்கலாத்தான் எரிஞ்சிச்சா?"

அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். "ஆமாங்க. ஐயாகிட்ட போயி அத எப்படிங்க சொல்றது?"

அடுத்த வாரம் அட்டன் கராஜில் காட்டினேன். சிங்கள மெக்கானிக் ஒருவர், பாட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து விளக்கின் தகட்டில் வைத்தார். வெளிச்சம் சட்டென்று கூடியது.

"பல்புல பிழை இல்ல மஹத்தயா. துரு. கரண்டு திரும்பிப் போக வழி இல்ல."

வேலையை நானே செய்தேன். விளக்கைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். நைந்த வயரை எடுத்துவிட்டுத் தடித்த வயர் போட்டேன். விளக்கின் உட்புறம் கறுத்திருந்ததால், தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டும் பளபளப்பான ஈயத்தாளை வெட்டிப் பல்புக்குப் பின்னால் பதித்தேன். மெக்கானிக் கொடுத்த பழைய வேன் விளக்கொன்றை இடது பக்கம் பூட்டினேன். பிரேக் மிதித்தால் இரண்டும் கூடுதலாக எரியும்படி செய்தேன்.

பார்த்துச் சொல்ல யாரையும் கூப்பிடவில்லை. பனி மூடிய ஒரு மாலையில் தொழிற்சாலைப் பாதையில் காரை நிறுத்தி, பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு தடியை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தேன். அறுபது காலடி. கார் மறைந்துவிட்டது. சிவப்பு இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. யாரோ பிரேக்கை மிதித்தபடி எனக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அதன்பின் யாரும் என்னை இடிக்கவில்லை.

மார்கழியில் ஒரு பிற்பகல், அட்டனிலிருந்து வரும் வழியில் பாதையே தெரியாத பனி. ஒரு பஸ் என் பின்னால் வந்து சேர்ந்தது. முந்தவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை. நான் மெதுவாகப் போனால் மெதுவாக, நின்றால் நின்று, என் விளக்குகளைப் பிடித்துக்கொண்டே வந்தது. கண்ணாடியில் அதன் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. உள்ளே எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

என் தோட்டத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. நான் திரும்பவில்லை. தலவாக்கலைவரை அதே வேகத்தில் ஓட்டிப் போனேன். பஸ் ஸ்டாண்டில் அது ஒதுங்கி நின்றது. சனங்கள் குடையை விரித்துக்கொண்டு இறங்கி, கடைப் பக்கமாகக் கலைந்து போனார்கள். என் காரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டபடி இருந்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போனேன்.