கொக்கி வைத்த பீரங்கி வண்டி

போர்ப் படம் ஓடினால் எல்லோரும் கதாநாயகனைப் பார்ப்பார்கள், நான் வண்டிக்கு அடியில் பார்ப்பேன். பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? எதிரி நாட்டு ஜீப் என்று காட்டுவார்கள். பின் அச்சைப் பார்த்தால் நம் ஊர்க் காய்கறி வண்டியின் அச்சு. பீரங்கிக் குழாய் மேட்டில் ஏறி இறங்கும்போது லேசாக ஆடினால் அது இரும்பே இல்லை, ஆழ்துளைக் கிணற்றுக்கு இறக்கும் பிளாஸ்டிக் குழாய். எந்தப் படத்தில் எந்த வண்டி, மேலே போர்த்திய தகட்டுக்குள் இருப்பது என்ன வண்டி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். எனக்கு இது.

"படத்துல அந்தப் புள்ள செத்துக் கெடக்கறான், தியேட்டரே அழுதுக்கினு இருக்குது. நீங்க இன்னான்னா சக்கரம் எண்ணிக்கினு இருக்கீங்க" என்பாள் என் மனைவி.

இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிரால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒரே தம்பி. முசரவாக்கம் போகும் வழியில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. ஐந்து வருஷத்துக்கு முன் அங்கே அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தட்டு மாற்றி முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு போர்ப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தம்பி சம்பந்தியிடம், "அந்தப் படத்துல ஆத்தைத் தாண்டி வருமே ஒரு பீரங்கி வண்டி, அது நம்ம பட்டறையில கட்னதுங்க" என்றான். இரண்டு மாத வேலையாம். வெளியே சொல்லக் கூடாது என்று படக் கம்பெனிக்காரர்கள் சொன்னதால் அதுவரை வாயைத் திறக்கவில்லையாம்.

நான் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்திருந்தேன். செயினுக்கு உள்ளே பக்கத்துக்கு ஆறு சக்கரம் என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். டூப்பு வண்டிக்கு யாரும் அத்தனை சக்கரம் வைக்க மாட்டார்கள், ஆறு சக்கரம் என்றால் ராணுவத்தின் அசல் வண்டி என்பது என் முடிவு. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"டேய், அது அசல் வண்டிடா. ராணுவத்துல பர்மிஷன் வாங்கி எடுத்தது. நீ லாரிக்குத் தொட்டி கட்றவன், பீரங்கி எங்க கட்ன?" என்றேன், நாற்பது பேர் முன்னால்.

கூடமே சிரித்தது. சம்பந்தி நல்ல மனிதர், ஆனால் கிண்டல்காரர். அன்று முதல் தம்பியை 'பீரங்கி சம்பந்தி' என்றுதான் கூப்பிட்டார். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து வாசல் வரை போய் அனுப்பி வைத்தான். மறுநாள் முதல் என்னோடு பேசவில்லை.

கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அண்ணன் வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் தட்டில் பழத்தோடு தம்பியே வந்து கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. பத்திரிகையை அவன் மனைவி கொண்டுவந்தாள். "அவருக்கு வேலை ஜாஸ்தி மாமா" என்றாள், தரையைப் பார்த்தபடி. கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், வந்தேன். மணமேடையில் என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. எனக்கும் கோபம்தான். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு ரோஷமா என்று என் மனைவியிடம் பல நாள் புலம்பியிருக்கிறேன்.

போன வருஷம் அதே படம் ஃபோனில் பார்க்கக் கிடைத்தது. ஃபோனில் வசதி என்னவென்றால், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், விரலால் பெரிதாக்கலாம். ஆற்றைத் தாண்டி வண்டி கரையேறும் இடத்தில் நிறுத்தினேன். பக்கத் தகட்டின் கீழ் ஓரத்தில் வரிசையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக்கினேன். கயிறு கட்டும் கொக்கிகள். லாரியில் சரக்கை ஏற்றித் தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவதற்காகப் பக்கவாட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்று வைப்பார்களே, அதே கொக்கி, அதே இடைவெளி. எந்த நாட்டு ராணுவமும் பீரங்கி வண்டிக்குத் தார்ப்பாய்க் கொக்கி வைக்காது. லாரிக்குப் பாடி கட்டிக் கட்டிப் பழகிய கைதான், ஓரத் தகட்டைப் பார்த்ததும் கேட்காமலே கொக்கி வைக்கும்.

காட்சியை மறுபடி ஓட்டினேன். செயின் ஓடுகிறது. சக்கரத்தில் ஒட்டிய சேறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆறு சக்கரமும் சுற்றவே இல்லை. எண்ணத் தெரிந்த எனக்கு, சுற்றுகிறதா என்று பார்க்கத் தெரியவில்லை. அன்று இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. டூப்பு வண்டிதான், சரி. ஆனால் பாடி கட்டும் பட்டறை ஊருக்கு ஊர் இருக்கிறது, தம்பி கட்டியதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? நேரில் பார்க்காமல் எதையும் நோட்டில் எழுதக் கூடாது என்று கிளம்பினேன். எட்டு மாதம் இதே வேலை. படங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர்களை ஒருவர் சொல்ல ஒருவராகத் தேடினேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் கண்டக்டர்களுக்கு என் முகம் பழகிவிட்டது. "இன்னா பெரியவரே, கம்பெனில வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றுகூட ஒருவர் கேட்டார்.

கடைசியில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் அந்த வண்டியைக் கண்டுபிடித்தேன். அதற்குள் மூன்று படத்தில் நடித்து, மூன்று முறை நிறம் மாறியிருந்தது. யார் கட்டியது என்று காவலாளியைக் கேட்டேன்.

"கலர் அடிக்கறவனைத் தெரியும். கட்னவன் யாருன்னு யாரு கேட்டு வெச்சிக்கினாங்க?" என்றார்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் புகுந்தேன். ஏரி தூர்வாருகிற பழைய செயின் வண்டி. மண் அள்ளும் கையை எடுத்துவிட்டு மேலே தகடு போர்த்தியிருந்தது. சக்கரங்கள் கேஸ் கட்டிங்கில் வெட்டிய வட்டத் தகடுகள். அப்புறம் கொக்கிகளைத் தடவிப் பார்த்தேன். முனை கூராக இல்லை. காய்ச்சி அடித்து மொட்டு போல உருட்டியிருந்தது. வெளியூர்ப் பட்டறைகளில் கம்பியை வெட்டி வளைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். தம்பியின் பட்டறைக்கு ஆரம்பத்தில் வந்தவை பட்டு நூல் மூட்டை ஏற்றும் சின்ன வண்டிகள். கொக்கி முனை மூட்டையில் உரசி ஒரு கண்டு நூல் பிசிறினாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் முனையை உருட்டப் பழகியவன் அவன். ஜல்லி லாரிக்கும் உருட்டுவான். பீரங்கிக்கும் உருட்டியிருக்கிறான். அந்த அழுக்குத் தரையில் மல்லாந்து படுத்தபடி அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

போன மாதம் தம்பி வீட்டில் அவன் பேத்திக்குக் காது குத்தினார்கள். அழைப்பு அவன் மனைவி மூலம்தான் வந்தது. நாற்பது பேர் முன்னால் சொன்னதை நாற்பது பேர் முன்னால்தான் திருப்ப வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன். காது குத்தி, குழந்தை அழுது ஓய்ந்து, பந்தி ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்றேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்கபா. இங்க நிச்சயதார்த்தத்துல என் தம்பியைப் பொய்க்காரன் ஆக்கனேன். அந்தப் பீரங்கி வண்டியை இவன்தான் கட்னான். நான் போய்ப் பாத்துட்டேன். தப்பு என்னுது" என்றேன். ஃபோனில் எடுத்திருந்த படங்களை முதலில் சம்பந்தியிடம் காட்டினேன்.

சம்பந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். நேராகத் தம்பியிடம் போய், "இத்தினி வருஷமா கிண்டல் பண்ணிக்கினு இருந்தேனேபா, மனசுல வெச்சிக்காதீங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை கைதட்டினான். எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் பெருமையாகவும் இருந்தது, கண்டுபிடித்துவிட்டேன் என்று.

ஃபோன் கை மாறிக் கை மாறித் தம்பியிடம் வந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்துப் பேசினான்.

"எத்தினி நாள் ஆச்சுணா, இதைக் கண்டுபுடிக்க?"

"எட்டு மாசம்பா. எங்கெங்கயோ அலைஞ்சேன்."

"யார் யாரைக் கேட்ட?"

காவலாளி, வாடகைக்கு விடுகிறவர்கள், டிரைவர்கள், பெயின்டர்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"என்னைக் கேக்கணும்னு தோணலயாணா?"

ஏதாவது சமாதானம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லாததால் வரவில்லை என்று சொன்னால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அது பொய். இரண்டு தெரு நடந்து போய் அவனைக் கேட்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவன் வாயால் சொல்வதை ஒரு அத்தாட்சியாக நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை, சின்ன வயதிலிருந்தே.

"தோணலபா" என்றேன்.

அவன் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுப் பந்தி பரிமாறப் போனான்.