ஓடும் ரயிலில் ஓர் ஆசீர்வாதம்

இன்று செம்பூரில் ஏறிய ரயிலில், கூட்டத்துக்கு நடுவே செல்போன் முன்னால் கண்மூடித் தலைகுனிந்து நின்றேன்.

“அங்கிள், சக்கர் ஆ ரஹா ஹை க்யா?” என்று பக்கத்து ஆள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தலைசுற்றல் இல்லை. ஜெர்மனியில் ஒரு சர்ச்சில் பங்குச்சாமியாக இருக்கும் என் மகனிடம் ஆசீர் வாங்கிக்கொண்டிருந்தேன். பெற்றவனும் குனிந்துதான் வாங்க வேண்டும், எங்கள் வழக்கம் அப்படி.

சாமிக்கு அங்கே ஐந்து வருடம் முடிகிறது.

“எப்பம் திரும்பி வாரீய, சாமி?”

“வரலப்பா. இன்னும் அஞ்சு வருசம் இருக்கேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். படுத்த படுக்கையா எட்டுப் பேரு இருக்காவ. பூசையில கொடுக்குற நன்மைய வீடு தேடிப்போய்க் கொடுக்க வேற ஆளில்ல.”

“நல்லது சாமி, அவங்களப் பாருங்க” என்றேன்.

இனி இதை வீட்டுக்காரியிடம் யார் சொல்வது? துணைக்கு வருகிறவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள்.

‘வந்துருல மக்கா’ என்று மட்டும் நான் சொல்லவில்லை.